ஹூசாக் சுரங்கம் முதல் பான் ஆம் விற்பனை வரை: நியூ இங்கிலாந்து ரயில் கம்பெனிகளின் போட்டியும் ஏகபோகமும்

கேள்வி இது: "அமெரிக்காவில் ரயில் பாதைகள் தனியார் கையில் இருக்கின்றன. ஒரு சின்னப் பகுதியிலேயே ஐந்தாறு கம்பெனிகள் ஓடுகின்றன. அப்படியிருக்க, ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கப் போனால் ஏகபோகம் என்று ஏன் இவ்வளவு எதிர்ப்பு? எப்படியும் லாரி இருக்கிறதே, அது போட்டி இல்லையா?"

லாரியிலிருந்தே தொடங்குகிறேன். இருநூறு கிலோமீட்டருக்குள் பெட்டி பெட்டியாகப் போகிற சரக்குக்கு லாரிதான் ராஜா. ரயில் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. மெய்ன் மாநிலத்து ஆலையிலிருந்து காகித உருளை சிகாகோவுக்குப் போக வேண்டும், டெக்சாஸிலிருந்து பிளாஸ்டிக் குருணை மாசச்சூசெட்ஸுக்கு வர வேண்டும் என்றால் கணக்கு வேறு. ஒரு வேகனில் ஏறும் சரக்குக்கு மூன்று, நான்கு லாரி வேண்டும். தூரம் ஆயிரம் மைலைத் தாண்டினால் லாரி வாடகையிலேயே லாபம் கரைந்துவிடும். குளோரின் மாதிரி ரசாயனத்தை அவ்வளவு தூரம் நெடுஞ்சாலையில் அனுப்ப யாரும் விரும்ப மாட்டார்கள். நிலக்கரிக்கும் தானியத்துக்கும் லாரி கட்டவே கட்டாது. ஆக, லாரி ஒரு போட்டிதான், ஆனால் சில சரக்குக்கு மட்டும், சில தூரத்துக்கு மட்டும்.

இப்போது "ஐந்தாறு கம்பெனிகள்" என்பதற்கு வருகிறேன். நான் மாசச்சூசெட்ஸில் ஒரு கிடங்கின் சரக்குப் பிரிவில் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். கிடங்கின் பின்பக்கம் எங்களுக்கென்று ஒரு சைடிங், அதாவது பிரதான பாதையிலிருந்து பிரிந்து வரும் கிளைத் தண்டவாளம், இருந்தது. அதிகபட்சம் ஏழு வேகன் நிற்கும். அது ஒரே ஒரு கம்பெனியின் பாதையில் போய்ச் சேரும். அங்கிருந்து பதினெட்டு கிலோமீட்டரில் இன்னொரு கம்பெனியின் பாதை இருந்தது. வரைபடத்தைப் பார்த்தால் எங்கள் ஊருக்கு இரண்டு ரயில் கம்பெனிகள். எங்கள் கதவுக்கு ஒன்றுதான். ஒரு குளிர்காலத்தில் எங்களுக்கு வர வேண்டிய நான்கு வேகன்கள், இரண்டு கம்பெனிகள் கைமாற்றிக்கொள்ளும் யார்டில் ஒன்பது நாள் நின்றன. இவர்களைக் கேட்டால் அவர்கள் இன்னும் ஒப்படைக்கவில்லை என்றார்கள். அவர்களைக் கேட்டால் இவர்கள் வந்து எடுக்கவில்லை என்றார்கள். கடைசியில் லாரி வைத்து வேறு இடத்திலிருந்து சரக்கு வரவழைத்தோம். அந்த மாத லாபம் அதோடு போயிற்று. வேறு கம்பெனிக்கு மாறுகிறோம் என்று சொல்லக்கூட எங்களுக்கு வழியில்லை, மாறுவதற்கு இன்னொரு கம்பெனியின் தண்டவாளம் இருந்தால்தானே?

நம் ஊரில் தண்டவாளம், இன்ஜின், கட்டணம் எல்லாம் பெரும்பாலும் ஒரே அரசு நிறுவனத்திடம் இருப்பதால் இந்தச் சிக்கல் சட்டென்று பிடிபடாது. அமெரிக்காவில் தண்டவாளம் யாருடையதோ அவர்தான் அதில் ரயில் ஓட்டுவார். மற்றவர் ஓட்ட வேண்டுமானால் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும், அல்லது அரசின் ஆணை வேண்டும். ஆகவே ஏகபோகம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மாநிலத்தில் எத்தனை கம்பெனி என்று எண்ணிப் பயனில்லை. ஒவ்வொரு ஆலையின், ஒவ்வொரு கிடங்கின் சைடிங்குக்கு எத்தனை பேர் வர முடியும் என்று பார்க்க வேண்டும். ஒருவர் மட்டுமே வர முடிகிற சரக்குக்காரரை அந்தத் தொழிலில் "சிறைப்பட்ட வாடிக்கையாளர்" என்ற பொருளில் ஒரு சொல்லால் குறிப்பிடுவார்கள். மிகையே இல்லாத சொல் அது.

இதை விளக்க நியூ இங்கிலாந்தைவிட, அதாவது மெய்ன், மாசச்சூசெட்ஸ் உள்ளிட்ட அமெரிக்காவின் வடகிழக்கு மூலை மாநிலங்களைவிட, நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அங்கே இந்தச் சண்டை 170 வருடத்துக்கு மேலாக, அதே மலைகளில், ஏறத்தாழ அதே பாதைகளில் நடந்து வருகிறது.

பாஸ்டன் துறைமுகத்துக்கு மேற்கே பெர்க்‌ஷயர் மலைகள். அதைத் தாண்டினால் ஆல்பனி, அங்கிருந்து ஈரி கால்வாய் வழியாக அமெரிக்காவின் நடுப்பகுதி தானியம் முழுக்க. 1840-களின் தொடக்கத்திலேயே வெஸ்டர்ன் ரயில்ரோடு என்ற கம்பெனி வூஸ்டரிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டு வழியாக மலையேறி ஆல்பனி பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. பாஸ்டனுக்கும் வூஸ்டருக்கும் நடுவில் பாஸ்டன் அண்ட் வூஸ்டர் என்று வேறொரு கம்பெனி. ஒரே சரக்கை இரண்டு பேரும் சேர்ந்துதான் கொண்டுபோக வேண்டும். வந்த கட்டணத்தை எப்படிப் பங்குபோடுவது என்று வருடக்கணக்காகச் சண்டை. 1867-ல் இரண்டும் இணைந்து பாஸ்டன் அண்ட் ஆல்பனி ஆன பிறகுதான் அது ஓய்ந்தது. இதை நான் கெட்ட இணைப்பு என்று சொல்ல மாட்டேன். ஒன்றின் நுனியும் இன்னொன்றின் நுனியும் தொடும் இரு பாதைகள் இணைந்தால் பெரும்பாலும் சரக்குக்காரருக்கு நல்லதே. என் நான்கு வேகன்கள் ஒன்பது நாள் நின்ற மாதிரி இடங்கள் குறையும்.

ஆனால் அந்த ஒரே பாதையை நம்பியிருந்த வடக்கு மாசச்சூசெட்ஸ் ஆலைக்காரர்களுக்கு நெஞ்சு குமுறியது. ஃபிட்ச்பர்க் ஊர்க் காகித ஆலை முதலாளி ஆல்வா கிராக்கர் அவர்களில் முக்கியமானவர். வடக்கே இரண்டாவது பாதை வேண்டும் என்றார். நடுவில் ஹூசாக் மலை நின்றது. அதைக் குடைவது என்று 1851-ல் வேலையைத் தொடங்கினார்கள். 20 லட்சம் டாலர் போதும் என்று போட்ட கணக்கு. வெஸ்டர்ன் கம்பெனி சட்டமன்றத்தில் தன்னால் முடிந்த மட்டும் தடுத்தது. பணம் தீர்ந்தது, குடையும் இயந்திரம் பாறையில் சிக்கி நின்றது, கடைசியில் மாநில அரசே வேலையை எடுத்துக்கொண்டது. 1867 அக்டோபரில், மலை உச்சியிலிருந்து சுரங்கத்தின் நடுப்பகுதிக்குத் தோண்டிய செங்குத்துக் குழியில் தீ விபத்து ஏற்பட்டு 13 பேர் இறந்தார்கள். வேலை முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 195 பேர். 7.6 கிலோமீட்டர் சுரங்கம். 1875 பிப்ரவரியில் முதல் ரயில் போனபோது செலவு 2 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

ஒரு கம்பெனியின் பிடியைத் தளர்த்த இரண்டாவது பாதை வேண்டும் என்பதற்காக மக்கள் வரிப்பணமும் இத்தனை உயிரும் போயின. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கனக்கிறது. ரயிலில் போட்டி என்பது கடைத்தெருவில் இன்னொரு கடை திறப்பது மாதிரி அல்ல. மலையைக் குடைய வேண்டும். அதனால்தான் இருக்கிற இரண்டாவது பாதையை யாராவது வாங்க வந்தால் எச்சரிக்கை வேண்டும் என்கிறேன். போனால் மறுபடி வராது.

அப்புறம் என்ன ஆயிற்று? மாநிலம் அந்தச் சுரங்கத்தை 1887-ல் ஃபிட்ச்பர்க் ரயில்ரோடுக்கு விற்றது. 1900-ல் ஃபிட்ச்பர்க்கை பாஸ்டன் அண்ட் மெய்ன் குத்தகைக்கு எடுத்தது. அதே 1900-ல் பாஸ்டன் அண்ட் ஆல்பனியை நியூயார்க் சென்ட்ரல் குத்தகைக்கு எடுத்தது. தெற்கே கனெக்டிகட், ரோட் ஐலண்ட் முழுக்க நியூ ஹேவன் கம்பெனி. ஆக வடக்கே ஒருவர், நடுவே ஒருவர், தெற்கே ஒருவர். 1890-களிலேயே பாஸ்டன் அண்ட் மெய்னும் நியூ ஹேவனும் பாஸ்டன் அண்ட் ஆல்பனி பாதையை எல்லைக்கோடாக வைத்துக்கொண்டு, நீ இந்தப் பக்கம் வராதே, நான் அந்தப் பக்கம் வர மாட்டேன் என்று ஏற்பாடு செய்துகொண்டன. மூன்று கம்பெனி இருந்தும் போட்டி இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

1903-ல் சார்ல்ஸ் மெல்லன் நியூ ஹேவன் தலைவரானார். பின்னால் நின்றவர் பெரும் வங்கி முதலாளி ஜே. பி. மார்கன். நியூ இங்கிலாந்தில் ஓடுகிற எதையும் விடக் கூடாது என்பதே அவர்கள் திட்டம். டிராம் கம்பெனிகளை வாங்கினார்கள். நியூயார்க்குக்கும் நியூ இங்கிலாந்துத் துறைமுகங்களுக்கும் நடுவே ஓடிய நீராவிக் கப்பல்களை வாங்கினார்கள். 1907-ல் பாஸ்டன் அண்ட் மெய்ன் பங்குகளையே வாங்கிக் குவித்தார்கள். ரயிலுக்குப் போட்டியாகக் கப்பல் இருக்கிறதே என்றால், அதுவும் அவர்களுடையதே. லாரி இருக்கிறதே என்று இன்று கேட்பவர்களுக்கு இது ஒரு பழைய பதில்.

பாஸ்டன் வக்கீல் லூயிஸ் பிராண்டைஸ் இதை எதிர்த்தார். அவர் வாதம் எனக்கு இன்றும் பிடித்தது, ஏனென்றால் அவர் வெறுமனே "பெரியது கெட்டது" என்று கூவவில்லை. கம்பெனியின் கணக்குப் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார். இந்த விலை கொடுத்து இத்தனை வாங்கினால் கடனுக்கு வட்டி கட்டவே முடியாது, பாதைப் பராமரிப்புக்குப் பணம் இருக்காது என்றார். அவரைத் தாக்கிப் பத்திரிகைகளில் எழுதினார்கள். 1903-ல் 9.3 கோடி டாலராக இருந்த கம்பெனியின் மொத்த மூலதனம் (பங்கும் கடனும் சேர்ந்து) 1913-ல் 41.7 கோடி ஆயிற்று. அதில் மிகப் பெரிய பங்கு ரயில் அல்லாத மற்றவற்றை வாங்கப் போனது. 1913-ல் அடுத்தடுத்து பெரிய ரயில் விபத்துகள். அந்த வருடமே மெல்லன் விலகினார், டிசம்பரில் டிவிடெண்டு நின்றது. முதுமைக்கு ஆகட்டும் என்று அந்தப் பங்கை வாங்கி வைத்திருந்த குடும்பங்களுக்கு அது பேரிடி. 1914-ல் கப்பல்களையும் டிராம்களையும் பாஸ்டன் அண்ட் மெய்னையும் கைவிடுவதாக அரசிடம் ஒப்புக்கொண்டார்கள். 1916-ல் பிராண்டைஸ் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார்.

இந்தக் கதைக்குள் ஒரு கிளைக்கதை உண்டு, அதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. கனடாவின் கிராண்ட் டிரங்க் கம்பெனி, மாசச்சூசெட்ஸில் பாமர் என்ற ஊரிலிருந்து ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் துறைமுகத்துக்குச் சொந்தப் பாதை போடக் கிளம்பியது. நியூ ஹேவனின் கோட்டைக்குள் நேராக நுழைகிற பாதை அது. அதன் உயிர்நாடியாக இருந்தவர் கம்பெனித் தலைவர் சார்ல்ஸ் ஹேஸ். அவர் 1912 ஏப்ரலில் லண்டனிலிருந்து திரும்பி வந்த கப்பல் டைட்டானிக். அந்த வருடம் மண் வேலை தொடங்கி, பாலத் தூண்கள் எழும்பி, நவம்பரில் திடீரென்று வேலை நின்றது. நியூ ஹேவனும் கிராண்ட் டிரங்க்கின் புதிய தலைமையும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள் என்று இரு பக்கத்துத் தலைவர்கள் மீதும் டிசம்பரில் குற்றப்பத்திரிகை பதிவானது. வழக்கு எங்கும் போய்ச் சேரவில்லை, பாதையும் வரவில்லை. காட்டுக்குள் அந்தக் கான்கிரீட் தூண்கள் பாசி படிந்து இன்றும் நிற்கின்றன. வராமல் போன போட்டியைக் கண்ணால் பார்க்க முடிகிற இடம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

சரி, பிறகு ஐம்பது வருடம் வேறு கதை. நெடுஞ்சாலை வந்தது, லாரி வந்தது, நியூ இங்கிலாந்து ஆலைகள் தெற்கே போயின. 1935-ல் நியூ ஹேவன் திவால், 1961-ல் மறுபடி திவால். 1968-ல் நூறு வருடப் போட்டியாளர்களான பென்சில்வேனியா ரயில்ரோடும் நியூயார்க் சென்ட்ரலும் இணைந்து பென் சென்ட்ரல் ஆயின. 1969-ல் நியூ ஹேவனையும் அதன் தலையில் கட்டினார்கள். 1970 ஜூன் 21-ல் அது திவாலானது. இந்தக் காலத்தைச் சொல்லாமல் ஏகபோகத்தைப் பற்றி மட்டும் பேசினால் நேர்மை ஆகாது. சரக்கு குறைந்துகொண்டே போகும் ஊரில் மூன்று பாதைகளையும் பராமரிக்க யாரிடமும் பணம் இருக்காது. ஏகபோகத்துக்குப் பயந்து எல்லா இணைப்பையும் தடுத்தால் கடைசியில் ஒரு பாதையும் மிஞ்சாது.

1976-ல் அரசு இந்தத் திவால் கம்பெனிகளைச் சேர்த்து கான்ரெயிலை உருவாக்கியது. வடகிழக்கு முழுக்க அதுவே ஆளும் என்பதால், பேருக்கு ஒரு போட்டியாவது இருக்கட்டும் என்று டெலவேர் அண்ட் ஹட்சன் என்ற சின்னக் கம்பெனிக்கு பஃபலோ, நியூஜெர்சி, வாஷிங்டன் பக்கம் வரை கான்ரெயில் பாதைகளில் ரயில் ஓட்டும் உரிமை கொடுத்தார்கள். வரைபடத்தில் பிரமாதமாக இருந்தது. சரக்குப் பிடிக்க ஆள் பலமும் பணமும் இல்லாத கம்பெனிக்கு அடுத்தவர் பாதையில் ஓடும் உரிமையைக் கொடுத்து என்ன பயன்? 1988-ல் அதுவும் திவால்.

அந்த உரிமையின் குறை எங்கே என்பதற்கு வெர்மாண்ட்டில் நடந்த இன்னொரு வழக்கு தெளிவான சாட்சி. கனெக்டிகட் ஆற்றோரம் பிராட்டில்பரோவிலிருந்து விண்ட்சர் வரை 78 கிலோமீட்டர் பாதை பாஸ்டன் அண்ட் மெய்னுக்குச் சொந்தம். அதில் ஓடும் உரிமை சென்ட்ரல் வெர்மாண்ட் கம்பெனிக்கும் உண்டு. வாஷிங்டனுக்கும் மாண்ட்ரியலுக்கும் நடுவே, ஆம்டிராக் என்ற அரசு ஆதரவு நிறுவனம் ஓட்டிய பயணி ரயிலும் அந்த வழிதான். சொந்தக்காரருக்கு அந்தப் பாதையால் பெரிய வருமானம் இல்லை. அதனால் பராமரிப்பை விட்டுவிட்டார்கள். தண்டவாளம் கெட்டு, ரயில் ஊர்ந்து ஊர்ந்து, 1987-ல் பயணி ரயிலே நின்றுபோனது. ஓடும் உரிமை யாருக்கும் மறுக்கப்படவில்லை. ஓடத்தான் முடியவில்லை. கடைசியில் ரயில் கம்பெனிகளைக் கண்காணித்த அரசு ஆணையம் அந்தப் பாதையைக் கட்டாயமாக வாங்கும் அதிகாரத்தை ஆம்டிராக்குக்குக் கொடுத்தது. 23.7 லட்சம் டாலருக்கு வாங்கி, உடனே சென்ட்ரல் வெர்மாண்ட்டுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1992-ல் ஆணையம் செய்தது சரி என்று தீர்ப்பானது.

இதற்கு நடுவில் 1980-ல் ஸ்டாகர்ஸ் சட்டம் வந்தது. அதுவரை கட்டணங்கள் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. அதற்குப் பிறகு கம்பெனியும் வாடிக்கையாளரும் ரகசிய ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் அடுத்த இருபது வருடத்தில் சராசரிக் கட்டணம் பெருமளவு குறைந்தது. ரயில் தொழில் பிழைத்தது இந்தச் சட்டத்தால்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கட்டணம் அநியாயம் என்று முறையிட சிறைப்பட்ட வாடிக்கையாளருக்கு ஒரு வழியும் வைத்தார்கள். ஆனால் அந்தச் சரக்குக்கு ஆகும் மாறும் செலவு (எரிபொருள் மாதிரி, சரக்கோடு கூடிக் குறையும் செலவு) 100 டாலர் என்றால் கட்டணம் 180 டாலரைத் தாண்டியிருக்க வேண்டும். அதோடு அந்தக் கம்பெனிக்குச் சந்தையில் உண்மையான போட்டி இல்லை என்றும் நிரூபிக்க வேண்டும். இரண்டுக்கும் வக்கீல், நிபுணர், வருடக்கணக்கில் காத்திருப்பு. எங்கள் கிடங்கு மாதிரி இடத்துக்கு அது கனவில்கூட ஆகாத காரியம்.

போட்டி உண்மையிலேயே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூ இங்கிலாந்தை விட்டு ஒரு நிமிடம் மேற்கே போக வேண்டும். வயோமிங்கின் பவுடர் ரிவர் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு முதலில் பர்லிங்டன் நார்தர்ன் மட்டும்தான் ரயில் விட்டது. 1984-ல் யூனியன் பசிபிக் என்ற பெரிய ரயில் கம்பெனியின் பண உதவியோடு சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் அந்தப் பாதையில் பங்குதாரராக நுழைந்தது. விருந்தாளியாக இல்லை, பாதையில் சொந்தம் கொண்டாடியபடி. கட்டணம் சரிந்தது, நிலக்கரி வெள்ளமாகப் போனது. எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டுமானால் 1996. யூனியன் பசிபிக், இணையாக ஓடிய சதர்ன் பசிபிக்கை வாங்கியது. அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் வேண்டாம் என்று எதிர்த்தும், பழைய ஆணையத்தின் இடத்துக்கு வந்த ரயில் ஒழுங்கு வாரியம் அனுமதித்தது. பரிகாரமாக, பர்லிங்டன் நார்தர்னின் வாரிசான பி.என்.எஸ்.எஃப். கம்பெனிக்குச் சுமார் 6,400 கிலோமீட்டரில் ஓடும் உரிமை. மறு வருடம் ஹூஸ்டன் யார்டுகள் அடைத்து, ரயில்கள் வழியில் நின்று, மேற்கு அமெரிக்கா முழுக்கச் சரக்கு தேங்கியது. சொந்தக்காரரின் பாதையே அடைத்துக்கொண்டால் அதில் ஓடும் உரிமை பெற்றவரும் அதே நெரிசலில்தான் நிற்பார். 1997 அக்டோபர் கடைசியில் வாரியம் அவசர ஆணை போட வேண்டியதாயிற்று.

இதைவிட நன்றாகச் செய்ததும் உண்டு. 1999-ல் கான்ரெயிலை, கிழக்கு அமெரிக்காவின் இரண்டு பெரிய கம்பெனிகளான சி.எஸ்.எக்ஸும் நார்ஃபோக் சதர்னும் பிரித்துக்கொண்டபோது, வடக்கு நியூஜெர்சி, தெற்கு நியூஜெர்சி–பிலடெல்பியா, டெட்ராய்ட் ஆகிய மூன்று பகுதிகளை மட்டும் பிரிக்காமல் பொதுவாக வைத்தார்கள். அங்கே உள்ள ஆலைகளின் சைடிங்குக்கு இரண்டு பேரும் வரலாம். கடைசி மைலுக்கு வேகனைத் தள்ளிக் கொடுக்க ஒரு பொது நிறுவனம். ஒரு கம்பெனி மட்டும் இருந்த கதவுக்கு இரண்டு கம்பெனி வந்தது. பிரித்த புதிதில் கோடை முழுக்கக் குழப்பம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் இணைப்பை அனுமதிக்கும்போது எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்து செய்த வேலை அது. நியூ இங்கிலாந்துக்கு அந்த யோகம் இல்லை. பழைய பாஸ்டன் அண்ட் ஆல்பனி முழுசாக சி.எஸ்.எக்ஸ். கைக்குப் போனது.

வடக்கே ஹூசாக் பாதை, பாஸ்டன் அண்ட் மெய்னை வாங்கிய கில்ஃபர்ட் நிறுவனத்திடம் இருந்தது. அது 2006-ல் பான் ஆம் ரயில்வேஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2009-ல் சுரங்கப் பாதையை நார்ஃபோக் சதர்னோடு பாதிக்குப் பாதி கூட்டாக வைத்து பான் ஆம் சதர்ன் உருவானது. தெற்கே சி.எஸ்.எக்ஸ்., வடக்கே நார்ஃபோக் சதர்ன். கிராக்கர் கனவு கண்ட மாதிரியே இரண்டு பாதை, இரண்டு எஜமானர்.

2020 நவம்பரில் பான் ஆமை சி.எஸ்.எக்ஸ். வாங்குவதாக அறிவித்தது. வாங்கினால் தெற்குப் பாதையும் அவர்களுடையது, போட்டியாளரின் வடக்குப் பாதையில் பாதியும் அவர்களுடையது. சின்ன விஷயமாகப் பாவித்து விரைவாக முடித்துத் தாருங்கள் என்று கேட்டார்கள். ஒழுங்கு வாரியம் ஒப்புக்கொள்ளவில்லை, முக்கியமான இணைப்பு என்ற பிரிவில் வைத்து விசாரித்தது. 2022 ஏப்ரலில் நிபந்தனையோடு அனுமதி. ஜூன் 1-ல் கைமாறியது. சுரங்கப் பாதையை சி.எஸ்.எக்ஸ். தானே இயக்காமல், சின்ன ரயில் கம்பெனிகள் பலவற்றை வைத்திருக்கும் ஜெனசீ அண்ட் வயோமிங் குழுமத்தின் பெர்க்‌ஷயர் அண்ட் ஈஸ்டர்ன் என்ற நிறுவனம் இயக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஹூசாக் சுரங்கத்தின் கூரை தாழ்வு, கண்டெய்னர்களை இரண்டு அடுக்காக ஏற்றிப் போக முடியாது. அதனால் நார்ஃபோக் சதர்னின் இரட்டை அடுக்கு ரயில்கள், சி.எஸ்.எக்ஸின் ஆல்பனி–வூஸ்டர் பாதை வழியாக மாசச்சூசெட்ஸின் ஏயர் யார்டுக்கு வர உரிமை.

இந்தத் தீர்ப்பு பற்றி என் கருத்து இரண்டாகப் பிரிகிறது. மெய்ன் பக்கத்துத் தண்டவாளம் பல வருடமாகப் பணம் போடாமல் கிடந்தது. அதைச் சீர்செய்யும் பலம் சி.எஸ்.எக்ஸுக்கு உண்டு. மெய்ன் காகித ஆலைகளுக்கு நடுவில் கைமாறாமல் நேரடியாகச் சரக்கு போகும். அந்த அளவில் நல்லது. சுரங்கப் பாதை விஷயத்தில் எனக்கு நெருடல். பாதிச் சொத்து போட்டியாளரிடம். இயக்குபவர் ஒரு குழுமம். அதே குழுமத்திடம்தான் நியூ இங்கிலாந்து சென்ட்ரலும் பிராவிடன்ஸ் அண்ட் வூஸ்டரும் இருக்கின்றன. பிராவிடன்ஸ் அண்ட் வூஸ்டர் 1973-ல் பென் சென்ட்ரலிடமிருந்து போராடிப் பிரிந்து தனியாக நின்ற கம்பெனி. 2016-ல் அதுவும் குழுமத்துக்குள் போயிற்று. ஆக இரண்டாம் வரிசையிலும் தனித்தனிப் பெயர்கள் நிறைய, முதலாளி ஒருவர். வெர்மாண்ட் ரயில் கம்பெனி விசாரணையில் கவலை தெரிவித்தது இதனால்தான். தன் சரக்கை மற்றவரிடம் ஒப்படைக்கும் ஒவ்வொரு ஜங்ஷனிலும் எதிரே அதே குழுமம் நின்றால் பேரம் பேச என்ன இருக்கும்?

சின்னக் கம்பெனிகள் விஷயத்தில் வெளியே தெரியாத இன்னொரு கட்டும் உண்டு. பெரிய கம்பெனிகள் லாபமில்லாத கிளைப் பாதைகளை விற்கும்போதோ குத்தகைக்கு விடும்போதோ, சரக்கைப் போட்டியாளரிடம் கொடுத்தால் அபராதம், எங்களிடமே கொடுத்தால் வாடகை தள்ளுபடி என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது வழக்கமாக இருந்தது. தண்டவாளம் இரண்டு பெரிய கம்பெனிகளையும் தொடும். காகிதத்தில் எழுதிய ஒரு வரி, ஒன்றின் பக்கம் மட்டும் கதவைத் திறந்து வைக்கும்.

கனடாவில் இதற்கு எளிய ஒரு வழி வெகு காலமாக இருக்கிறது. கைமாற்று ஜங்ஷனிலிருந்து 30 கிலோமீட்டருக்குள் ஆலை இருந்தால், உள்ளூர் கம்பெனி அந்த வேகனை அரசு நிர்ணயித்த கட்டணத்தில் போட்டிக் கம்பெனியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். அந்த விதி எங்களுக்கு இருந்திருந்தால் பதினெட்டு கிலோமீட்டர் ஒரு தூரமே இல்லை. அமெரிக்க வாரியம் 2024-ல் இதன் ஒரு சின்ன வடிவத்தைக் கொண்டுவந்தது, சேவை மோசமாக இருந்தால் மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு. 2025-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் ரத்து செய்துவிட்டது.

இப்போது உங்கள் கேள்வி ஏன் சூடாக இருக்கிறது என்றால், 2025 ஜூலையில் யூனியன் பசிபிக் நார்ஃபோக் சதர்னை வாங்கப் போவதாக அறிவித்தது. 8,500 கோடி டாலர் மதிப்பு. 1980-ல் நாற்பது பக்கம் இருந்த பெரிய கம்பெனிகள், 2023-ல் கனடியன் பசிபிக்கும் கான்சாஸ் சிட்டி சதர்னும் இணைந்த பிறகு ஆறாகிவிட்டன. யூனியன் பசிபிக்கும் நார்ஃபோக் சதர்னும் பெரும்பாலும் நுனியோடு நுனி தொடும் கம்பெனிகள், இணையாக ஓடுபவை அல்ல. அதனால் 1996 மாதிரி அல்ல என்று வாதிடுகிறார்கள். அந்த வாதத்தில் பாதி சரி. ஆனால் 2001-ல் வாரியம் எழுதிய விதிப்படி பெரிய இணைப்பு ஒன்று போட்டியைக் குறைக்காமல் இருந்தால் மட்டும் போதாது, கூட்டவும் வேண்டும். அந்த விதியில் சோதிக்கப்படும் முதல் இணைப்பு இது.

என்னைக் கேட்டால், அந்தக் கனமான விண்ணப்பத்தில் நான் முதலில் தேடுவது கண்டம் தாண்டும் ரயிலின் வேகத்தை அல்ல. ஒரே கம்பெனி மட்டும் வரும் எத்தனை சைடிங்குக்கு இரண்டாவது கம்பெனி வரப்போகிறது, இப்போது சரக்கு கைமாறும் ஜங்ஷன்களில் நியாயமான கட்டணம் எத்தனை வருடத்துக்கு உறுதி, இந்த இரண்டையும்தான். நியூ இங்கிலாந்தைப் பொறுத்தவரை யார் யாரை வாங்கினாலும் ஏயருக்கு வரும் இரட்டை அடுக்கு ரயில், ஆல்பனிக்குக் கிழக்கே சி.எஸ்.எக்ஸ். கொடுக்கும் நேரத்தில், சி.எஸ்.எக்ஸ். காட்டும் சிக்னலில்தான் ஓடும்.